இன்வெர்ட்டரில் ஓடிய ஓவியர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு வாங்கி வந்து வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். யாரும் கேட்காமலே அது ஓர் ஆவணப்படத்தை என் முன்னால் நீட்டியது. சிவப்புத் தாடி வைத்த ஓவியர் ஒருவரைப் பற்றியது. கோதுமை வயல், காற்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசும் ஓர் இங்கிலீஷ்காரரின் குரல். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ஓவியத்தைப் பற்றிய படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவன் எந்த லட்சணத்து ரசிகன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் எழுந்து தண்ணீர் குடித்தேன். பதினெட்டில் மின்விசிறியைக் கூட்டினேன். இருபத்தைந்தில் வாசலுக்குப் போய், யாரும் வராத தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் கேமரா மெல்ல இறங்கி, ஒரு குடியானவப் பெண்ணின் கைகளில் வந்து நின்றது. அணைத்துவிட்டேன்.

இது நாலாவது முறை. நாலு முறையும் அதே இடத்தில்தான் அணைத்திருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனையில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூக்கில் ஒரு வாடை ஏறுகிறது. பிளெக்ஸ் மையின் வாடை. மண்ணெண்ணெயும் பழுத்த பழமும் கலந்த மாதிரி இருக்கும், அடித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடையில் நாலு வருஷம் சோறு தின்றவன் நான்.

வலங்கைமான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை. நான் டிசைனர். டிசைனர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், இவ்வளவுதான் என் உலகம். எந்த மாமன் மேல் வரிசை, எந்தச் சித்தப்பா கீழ் வரிசை, யார் தலை எவ்வளவு பெரிசு என்பதில் தப்பு நடந்தால் அந்தக் குடும்பத்தில் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இதற்கென்று தனியாக ஒரு படிப்பு வைக்கலாம். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் மதியழகன். என் வயது, என் ஊர். ஊர் ஒன்றுதான், தெரு வேறு. அவன் அம்மா அஞ்சலை எங்கள் வயலில் நடவு நட்டவள். சிறு வயதில் அவளை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். என் அம்மாவைவிட மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கே தோன்றவும் இல்லை. கடைக்கு வந்த பிறகு நானும் மதியும் வாடா போடா. அதற்குப் பிறகு அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் சொல்லாமல் சமாளித்து வந்தேன்.

அந்த நாட்களின் மின்வெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? காலையில் ரெண்டு மணி நேரம், மத்தியானம் மூன்று, சாயங்காலம் அவர்கள் இஷ்டம். கடையில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. அச்சு இயந்திரத்தை இழுக்கும் தெம்பு அதற்கு இல்லை. ஒரு கணினியையும் ஒரு விசிறியையும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதனால் கரண்டு போனால் மதிக்கு வேலை இல்லை, எனக்கு வேலை செய்ய மனசு இல்லை. முதலாளியும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் ஓவியக் கல்லூரி.

ஹார்டு டிஸ்க் ஒன்று வந்து சேர்ந்தது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தன் அக்கா கல்யாண பேனருக்காக வந்தவன், மாமன்களின் போட்டோக்கள் இருக்கிற டிஸ்க் என்று கொடுத்தான். உள்ளே பார்த்தால் மாமன்கள் ஒரு மூலையில் கிடக்க, மீதி இடமெல்லாம் நவீன ஓவியர்கள். கேட்டதற்கு, "பாருங்கண்ணே, யாரும் பாக்கறதே இல்ல" என்றான். நான் மொத்தத்தையும் கடையில் கிடந்த ஒரு பழைய டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டேன். நிஜமான ஓவியம் ஒன்றைக்கூட நேரில் பார்த்திராத இரண்டு பேர், எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிடுவது என்று கிளம்பினோம்.

அவர்கள் பெயர்கள் எங்கள் நாக்குக்குப் பிடிபடவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். குளத்தையும் அல்லியையும் திரும்பத் திரும்ப வரைந்தவர் தோட்டக்காரர். பழத்தைத் தட்டில் வைத்து வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தவர் ஆப்பிள். தரையில் துணியை விரித்துப் பெயிண்டைக் கொட்டியவர் ஊத்தி. கட்டம் கட்டமாகப் போட்டவரை மதி கணக்குப்பிள்ளை என்பான். சிவப்புத் தாடிக்காரர் வெறும் தாடி. குடும்பத்தில் ஒருவர் மாதிரி, "தாடிய போடுடா" என்பான்.

படங்களில் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். மதிக்கு அதுவும் இல்லை. "என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். "வெளிச்சத்தப் பத்திச் சொல்றான்" என்பேன். ஐந்து நிமிடம் கழித்து, "இப்ப?" "அதேதான், வெளிச்சம்." ஒருநாள் திரும்பி என்னைப் பார்த்து, "அவன் மூச்சு விடாம அரை மணி நேரமா பேசுறான், நீ ஒத்த வார்த்தைல முடிக்கிறியேடா. சம்பளம் வாங்கிட்டுப் பேசுறவன் அவ்வளவு நேரம் ஒண்ணையேவா சொல்லுவான்?" என்றான். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு கொஞ்சம் கதைகட்டிச் சேர்த்துச் சொன்னேன். தோட்டக்காரருக்கு நான் கொடுத்த சம்சாரமும் சண்டையும் அவரே கேட்டிருந்தால் திகைத்திருப்பார்.

இன்னொரு சங்கதி சொன்னால் சிரிப்பீர்கள். எந்தப் படத்தின் முடிவையும் நாங்கள் பார்த்ததில்லை. கடைசி இருபது நிமிடம் இருக்கும்போது இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கும், பிறகு திரை இருண்டுவிடும். கரண்டு வந்ததும் மதி இயந்திரத்துக்கு ஓடுவான். அடுத்த நாள் வேறு படம். அதனால் எங்களைப் பொறுத்தவரை எந்த ஓவியரும் சாகவில்லை. தாடி என்ன ஆனார் என்று எனக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆயிற்று.

கற்றதை வைத்துச் சும்மா இருக்க முடியுமா? எனக்கு எப்போதும் ஒரு பரபரப்பு. கையில் ஒன்று கிடைத்தால் அன்றைக்கே அதைக் காட்டியாக வேண்டும். படத்தில் வெற்றிடமும் பேசும் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். மறுநாள் வந்த காதுகுத்து பேனரில் குழந்தையை ஒரு மூலையில் சின்னதாக வைத்துவிட்டு, மீதி முழுவதையும் வெளிர் மஞ்சளாக விட்டேன். தாய்மாமன் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் தம்பி, இவ்ளோ எடம் சும்மா கெடக்கே, எங்க வீட்டுல ஆளா இல்ல?" என்றார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "ஒனக்கு என்ன ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். சாயங்காலத்துக்குள் அந்த மஞ்சளில் பதினான்கு தலைகள் முளைத்தன.

மதி அப்படியில்லை. அவன் எதையும் யாருக்கும் காட்ட மாட்டான். பிளெக்ஸ் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளின் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் வரைந்துகொண்டிருப்பான். வரைவதெல்லாம் கைகள். டீ கிளாஸ் பிடித்த கை, பீடி பற்றவைக்கும் கை, பேனர் கட்டச் சவுக்குக் கழியில் ஆணி அடிக்கும் கை. தாடியின் படத்தில் முப்பத்திரண்டாவது நிமிடம் வந்தால் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்வான். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "எல்லாரும் மூஞ்சியே பாக்குறோம்டா. இந்தாளு கையப் பாத்துருக்கான் பாரு" என்பான். இன்வெர்ட்டர் தீர்கிறதே என்று நான் தவித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் சம்பா நடவின்போது கடைக் கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் வயலுக்குப் போனேன். தாடி வயலில் நின்றாரே, நானும் நிற்க வேண்டாமா? வரப்பில் நின்று ஓர் அறுபது எழுபது படம் எடுத்திருப்பேன். ஒன்று மட்டும் சரியாக விழுந்தது. அஞ்சலை நாற்று முடியை ஒரு கையில் பிடித்தபடி நிமிர்ந்து, மறு கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கும் தருணம். சேலைக்கு மேலே பழைய ஆண் சட்டை, தலையில் துண்டு, முழங்கால்வரை சேறு, பின்னால் வானம் கிடந்த தண்ணீர். கேமராவை இறக்கியதும் அவள் சிரித்தாள். "என்ன சின்னய்யா, கரிச்சட்டியாட்டம் நிக்கிறேன், இதப் போயா படம் புடிக்கிறீங்க? ஒரு நல்ல பொடவயா கட்டிக்கிட்டு வர்றேன், அப்ப ஒண்ணு புடிச்சுக் குடுங்க." "சரி, புடிச்சாப் போச்சு" என்றேன். சொன்னதோடு சரி, மறந்துபோனேன். மறந்தேன் என்பதுகூட மரியாதையான வார்த்தைதான். அது ஒரு வேண்டுதல் என்றே என் காதில் விழவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால், ஒரு மத்தியானம், அஞ்சலை மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. செய்தி கடைக்குத்தான் வந்தது. மதி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே போய்விட்டான். முதலாளி என்னிடம், "நம்ம பையன் வீட்டு எழவு. நல்லா பண்ணிக் குடு" என்றார்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு வழிமுறை உண்டு. பாதிப் பேர் வீட்டில் அம்மாவின் போட்டோ என்று எதுவும் இருக்காது. வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுப்போம். கணினியில் 'அம்மா பட்டு' என்று ஒரு போல்டர், அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை தலை இல்லாத உடம்புகள். பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, நாற்காலிக் கைப்பிடியில் வளையல் போட்ட கைகள். முகத்தை அதன் மேல் ஒட்டி, இரண்டு பங்கு சிவப்பாக்கிக் கொடுத்தால் வீட்டார் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நூறு முறையாவது செய்திருப்பேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அது பொய்யாகத் தெரிந்தது. எண்பது ஜிபி ஓவியம் பார்த்தவனாயிற்றே! அஞ்சலைக்காவது உண்மையாக இருப்பேன் என்று நினைத்தேன். நடவுப் படத்தை எடுத்தேன். பின்புலத்தைக் கறுப்பாக்கினேன். சேறும் சட்டையும் துண்டும் அந்தக் கைகளும் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. கீழே பெயர் மட்டும். அச்சாகி வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மதிக்கு இதைவிடப் பெரிதாக யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

காலையில் நானே கொண்டுபோய், அவர்கள் தெரு முகப்பில் கழி நட்டுக் கட்டினேன். பறைச் சத்தம் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அழுகைகூட நின்றுவிட்டது. மதியின் சித்தி மட்டும், "இதென்னய்யா, சேத்தோடயே நிறுத்திட்டீங்க" என்றாள். மதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், தாடியைப் பார்க்கிற மாதிரியே. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஒங்களுக்கு எங்க அம்மா எப்பவும் ஒங்க வயல்லதான் தெரிவாங்களாங்க?"

அவன் என்னை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஒத்த நாளு பட்டுப் பொடவ கட்டினதில்ல. செத்த பெறகாச்சும் கட்டிப் பாக்கலாம்னா, அதையும் குடுக்க மாட்டீங்களா?"

அவனே அரிவாளை வாங்கிக் கயிற்றை அறுத்தான். பேனரை மிதிபடாமல் சுருட்டி, என் வண்டியின் பின்னால் வைத்தான். நான் கடைக்கு வந்தேன். முதல் நாளே அவர்கள் வீட்டிலிருந்து வந்திருந்த வாக்காளர் அட்டையின் முகத்தை எடுத்து, 'அம்மா பட்டு 7' மேல் ஒட்டி, சிவப்பாக்கி, அச்சடித்து, முதலாளி கையில் கொடுத்தனுப்பினேன். நல்லவேளை அப்போது கரண்டு இருந்தது. அந்தத் தெருவில் அதைப் பார்த்து எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள் என்று முதலாளி வந்து சொன்னார். அன்றைக்கே நடவுப் படத்தைக் கணினியிலிருந்து அடியோடு அழித்தேன். கேமராவின் கார்டையும் துடைத்தேன். சுருட்டிய பேனரைத் துண்டு துண்டாக வெட்டிக் கடைக் குப்பையோடு கொளுத்தினேன். வெட்கத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே.

மதி பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தான். அளவு, ஓரம், வளையம் அடிப்பது என்று வேலைப் பேச்சு மட்டும் பேசினான். கரண்டு போனால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான். நான் தாடியைப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்ப்பேன், பிடிக்காமல் அணைப்பேன். சித்திரையில் அவன் திருப்பூருக்கு, ஒரு பிரிண்டிங் கம்பெனிக்குப் போனான். சொல்லிக்கொண்டு போகவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மின்வெட்டும் போயிற்று. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும். முதலாளி பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். ஹார்டு டிஸ்க் ஒரு மழைக்காலத்தில் கிர்ரென்று சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. நான் தஞ்சாவூருக்கு வந்து வேறு ஏதோ வேலை பார்க்கிறேன், அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. "நான் மதி பேசுறேங்க." பன்னிரண்டு வருஷம் கழித்து. நான் தடுமாறிச் சுகம் விசாரித்தேன். அவன் சுருக்கமாகச் சொன்னான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறான். அம்மாவை வரைய உட்கார்ந்திருக்கிறான்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பில்லீங்க. இன்னிக்கும் அதத்தான் சொல்லுவேன்" என்றான். "ஆனா வீட்டுல மாட்டியிருக்கற படத்துல இருக்கறது எங்க அம்மா கை இல்லையே. வளையல் போட்ட கை. எந்த ஊர்க்காரம்மா கையோ. அந்த வயல் படம் ஒங்ககிட்ட இருக்குமாங்க?"

"தேடிப் பாக்குறேன்" என்று சொன்னேன். எதைத் தேடுவது? அன்றிலிருந்துதான் இந்த இருப்புக்கொள்ளாமை. ஒரு பக்கம் புத்தகம் ஓடவில்லை. தஞ்சாவூரில் அழிந்த கோப்புகளை மீட்டுத்தருகிற கடைக்காரரிடம் போய், இல்லாத கணினியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டு, அவர் என்னை மேலும் கீழும் பார்த்ததுதான் மிச்சம்.

இன்று காலை மதி ஒரு படம் அனுப்பியிருந்தான். பென்சில். அஞ்சலை நிற்கிறாள். தலையில் துண்டு, ஆண் சட்டை. சட்டைக்கு மேலே, தோளில், ஒரு பட்டுப் புடவையின் சரிகைக் கரையை மெல்லியதாகப் போட்டிருந்தான். முகம் அவளேதான், அந்தச் சிரிப்புகூட வந்துவிட்டது. சட்டைக் கைகள் இரண்டும் முடிகிற இடத்துக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். அடியில் எழுதியிருந்தான்: 'கை மட்டும் வரல. கெடச்சா அனுப்புடா.'

அந்த 'டா'வைப் பார்த்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, நடந்து, கடைசியில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுடா. கெடச்சுதா?"

"இல்ல மதி. அன்னிக்கே அழிச்சுட்டேன். நான்தான் அழிச்சேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"சரி, விடு" என்றான். "நீதான அவ்ளோ கிட்டத்துல நின்னு எடுத்த. அம்மாவுக்கு ஒரு கையில மோதிர வெரல் வளைஞ்சிருக்கும், சின்னதுல அருவா பட்டது. அது நாத்து புடிச்ச கையா, வேர்வ தொடச்ச கையா? அத மட்டும் சொல்லு, மிச்சத்த நான் போட்டுக்கறேன்."

கண்ணை மூடிப் பார்த்தேன். தண்ணீரில் கிடந்த வானம் தெரிந்தது. நாற்றின் பச்சை தெரிந்தது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்றுகூடத் தெரிந்தது.

விரல் வளைந்திருந்தது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.